வண்டி கத்துக்குதுங்ணா

மே 6, திங்கள்

காரின் கம்ப்யூட்டரை ரீசெட் செய்தால் முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்து வைக்க வேண்டும் என்று ராபின் சொல்லியிருக்கிறான். எங்கே போனது, எப்படி ஓடியது, எங்கே முக்கித் திணறியது, அவ்வளவுதான். ஆகவே இந்த டைரி வண்டிக்காக. கம்பெனியில் வருடப் பிறப்புக்குக் கொடுத்தது, அட்டையில் பம்ப்செட் படம் போட்டது, இத்தனை நாளும் காலியாகக் கிடந்தது. நான் டைரி எழுதுகிற ஆசாமி இல்லை.

முதலில் விவரம். ராபின் கணபதியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். மெக்கானிக்கல் படித்தவன், பேச்சில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் படித்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் வண்டிக்குப் புது மேப் ஏற்றியவன் அவன்தான். மேப் என்பது எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கணக்கு. கார் கம்பெனிக்காரன் போடுகிற கணக்கு ஊருக்கெல்லாம் பொதுவானது, ரொம்பப் பயந்த கணக்கு. ராபின் போட்டது எனக்காகப் போட்டது. கூடவே, காற்று இழுக்கிற பெட்டியைக் கழற்றிவிட்டுப் பெரிய குழாயும் கூம்பு ஃபில்டரும் வைத்தான். மிதித்தால் உள்ளே யாரோ பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவினாசி ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டியிருக்கிறேன். முப்பத்தெட்டு வயசு ஆள் பண்ற காரியமாங்க இது என்று என் மனைவி வாணி கேட்டிருக்கிறாள். ஆமாம், அந்த வயசு ஆள் செய்கிற காரியம்தான்.

இப்போது எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டும். வாணி, முழுப் பெயர் கோகிலவாணி, கால்நடை டாக்டர். இத்தனை வருடம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் பணக்கார நாய்களுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு அரசு வேலை வந்துவிட்டது. வால்பாறைப் பக்கம். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் மாடு பார்க்க வேண்டும். அங்கே நேரத்துக்கு பஸ் கிடையாது, கார் இல்லாமல் முடியாது. ஜூன் மூன்றாம் தேதி திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்; சேராவிட்டால் ஆர்டர் ரத்து. வாரம் பூராவும் அங்கே, சனி ஞாயிறு இங்கே. அவள்தான் இதைச் சொன்னாள். நான் சரி என்றேன். நல்ல விஷயம்தானே.

அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் ஓட்டுவது ஸ்கூட்டி. என் வண்டியைத் தொட மாட்டாள். "மிதிச்சா பாயுதுங்க, எனக்கு ஓட்டற மாதிரி பழசாக்கிக் குடுங்க" என்று கேட்டாள். ராபின் இன்று கம்பெனி மேப்பை ஏற்றி ரீசெட் செய்துவிட்டான். பிறகு, "பழைய காத்துப் பெட்டி எங்கீங்ணா?" என்று கேட்டான். மூன்று வருடத்துக்கு முன்னால் கழற்றியதை யார் வைத்திருப்பார்கள். பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டேன் என்றேன். அந்தச் சத்தமாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

"மேப்ப மட்டும் பழசு போட்டாப் பத்தாதுங்ணா" என்றான். "இது பழைய மூக்குக்கு எழுதுன கணக்கு. நீங்க பெரிய மூக்கு வெச்சிருக்கீங்க. உள்ள போற காத்து ஒண்ணு, கம்ப்யூட்டர் எண்ணிக்கறது ஒண்ணு. பெட்ரோலக் கம்மியாக் குடுக்கும், வண்டி முக்கும். புதுப் பெட்டி ஆர்டர் போட்டா ஜூன் கடைசி ஆயிரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவாக் கத்துக்கும். கொஞ்சம் கொஞ்சமாப் பெட்ரோலக் கூட்டிப் பாக்கும். ஒரு அளவுக்கு மேல முடியிலீன்னா லைட்டப் போட்டுரும்."

இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. ரீசெட் செய்த வண்டி மக்கர் செய்தால், கத்துக்குதுங்ணா. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைச் சொல்வது மாதிரி.

மே 7, செவ்வாய்

ஆபீஸ் போய் வந்தேன். சிக்னலில் கிளம்பும்போது முக்குகிறது. சத்தம் இருக்கிறது, வேகம் இல்லை.

மே 9, வியாழன்

வாணி முதல் தடவை ஓட்டினாள். காலையில் தெருவில் ஆள் நடமாட்டம் வருவதற்குள் போய்விடலாம் என்றாள். சரவணம்பட்டி வரை போனோம். கிளட்ச்சை விடும்போது வண்டி உதைத்தது. இரண்டு தடவை நின்றே போனது.

"ஏனுங்க, இது என்னுங்க இப்பிடி ஒதைக்குது?"

"ரீசெட் பண்ணியிருக்கில்ல, வண்டி கத்துக்குது. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். நீயும் பழகோணும்."

தலையை ஆட்டினாள். அவள் எதைச் சொன்னாலும் ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டு யோசிக்கிறவள். வீட்டுக்கு வந்து உளுந்து ஊறப்போட்டாள். நான் மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோய், தொட்டி வழிந்து கீழ்வீட்டு அம்மா சத்தம் போட்டார்கள்.

மே 12, ஞாயிறு

டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு வந்துவிட்டது. ராபின் சொன்ன அளவைத் தாண்டிவிட்டது போலிருக்கிறது.

என்னிடம் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் செல்போனில் கோளாறைக் காட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கும் போய்விடும், கம்ப்யூட்டர் அதுவரை கற்றுக்கொண்டதும் போய்விடும். வாணி குளித்துக்கொண்டிருந்தபோது கீழே போய் அழித்துவிட்டு வந்தேன். விளக்கைப் பார்த்தால் சும்மா பயந்துகொள்வாள்.

மே 14, செவ்வாய்

மறுபடி விளக்கு. அழித்தேன்.

மே 16, வியாழன்

வாணி கிளினிக்கில் சொல்லிவிட்டாளாம், இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று. அங்கே ஒரு அம்மாள் தன் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்து அழுதாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் இந்த மாதம் நிறையச் சிரிக்கிறாள். கம்பளி, டார்ச், ரப்பர் பூட்ஸ் எல்லாம் வாங்கி ஹாலில் ஒரு மூலையில் சேர்த்து வைத்திருக்கிறாள். அந்த மூலையைத் தாண்டித்தான் நான் பாத்ரூமுக்குப் போக வேண்டியிருக்கிறது.

பரணில் பெரிய பெட்டி இருக்கிறதா, எறக்கித் தாங்க, துணி வைக்க வேண்டும் என்றாள். வேண்டாம், அங்கே எலி, பொறி வைத்திருக்கிறேன், கையை வைத்துவிடாதே என்றேன். புதுப் பெட்டியே வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீல நிறம், சக்கரம் வைத்தது. அதையும் அந்த மூலையில் வைத்துவிட்டாள்.

மே 17, வெள்ளி

விளக்கு. அழித்தேன். மழை வரும் மாதிரி இருந்தது, வரவில்லை.

மே 19, ஞாயிறு

மருதமலை ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, இதையாவது ஏறிப் பழகுகிறேன் என்றாள். இன்னொரு நாள் போகலாமே என்றேன். கேட்கவில்லை.

பாதி ஏற்றத்தில், ஒரு வளைவில், வண்டி முக்கி நின்றது. பின்னால் கோயில் பஸ். அவள் ஸ்டார்ட் செய்தாள், கிளட்ச்சை விட்டாள், உதைத்து நின்றது. மறுபடி. பஸ்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. எதிரே இறங்கிவந்த பைக்கில் ஒருவன், "பொம்பளைகிட்ட எதுக்குய்யா குடுக்கறீங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். கடைசியில் நான் இறங்கி அந்தப் பக்கம் வந்து ஏறிக்கொண்டேன். எனக்கு அந்த வண்டியின் சூட்சுமம் தெரியும். காலைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, கிளட்ச்சைப் பாதியில் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

சாமி கும்பிட்டோம். மலையிறங்கினோம். வடவள்ளி வந்ததும், "உங்களுக்கு மட்டும் ஏறுதுங்க" என்றாள்.

"உன் கால் இன்னும் பழகல வாணி. போகப் போகச் சரியாயிரும்."

தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். கல்லூரியில் படிக்கும்போதே மாட்டின் வயிற்றுக்குள் தோள்பட்டை வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பியவள். அப்படி அவள் குனிந்து நான் பார்த்ததில்லை. அந்த பைக்குக்காரன் மேல் எனக்கு இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

மே 21, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டின்போது வாணி கேட்டாள், "இந்த வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா என்னுங்க?"

உன் இஷ்டம் என்றேன். எதையும் திணிக்கக் கூடாது. படித்த பெண், அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மலையில் வண்டி நடு வளைவில் நின்றால் யார் வருவார்கள் என்று மட்டும் சொன்னேன், அதுவும் நடக்கக்கூடிய விஷயம் என்பதால். கிளினிக்காரர் இன்னும் வேறு ஆள் போடவில்லையாம். கேட்டால் எடுத்துக்கொள்வார்.

அவள் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று நன்றாகத் தூக்கம் வருகிறது.

மே 22, புதன்

ஆபீஸிலிருந்து வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வந்தேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். வைத்துக்கொண்டாள். மூலையில் இருந்த ரப்பர் பூட்ஸை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள். பார்க்காதது மாதிரி டிவியைப் போட்டுக்கொண்டேன்.

மே 23, வியாழன்

விளக்கு. அழித்தேன். இந்தத் தடவை யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன் என்பதை வண்டிக் குறிப்பில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மே 25, சனி

பூட்ஸ் மறுபடி மூலைக்கு வந்திருக்கிறது.

காலையில் காபி குடிக்கும்போது வாணி வண்டியைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தாள். மாட்டைக் கூட்டிவந்த ஆளிடம் கேட்கிற தோரணை. எப்போதிருந்து இப்படி, தினமுமா, காலையில் அதிகமா மதியம் அதிகமா, ஏற்றத்தில் மட்டுமா. நான் சொன்னேன், வண்டி கற்றுக்கொள்கிறது என்று.

"மூணு வாரமாவுங்களா கத்துக்குது?"

"ஒவ்வொரு வண்டி ஒவ்வொரு மாதிரி."

"அதில்லீங்க. நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன். ரெண்டு நாளு போகப் போகப் பரவால்லாம ஓடுது. மூணாம் நாளு காலைல மறுபடி மொதல்ல இருந்து ஒதைக்குது. காச்சல்னா ஊசி போட்டா எறங்கும், ரெண்டு நாள்ல ஏறும். அப்ப நான் ஊசிய மாத்த மாட்டனுங்க. கட்டுத்தறில போயி என்ன தீனி போடறாங்கன்னு பாப்பேன்."

வண்டியும் மாடும் ஒன்றா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மே 27, திங்கள்

ஸ்கேனரைக் காணவில்லை. வண்டியில் இல்லை, பையில் இல்லை, ஆபீஸ் டிராயரில் இல்லை.

மே 28, செவ்வாய்

விளக்கு எரிகிறது. அப்படியே எரியட்டும்.

வாணியிடம் ஸ்கேனரைப் பற்றிக் கேட்க முடியாது. கேட்டால், அது எதற்கு என்று அவள் கேட்பாள்.

மே 30, வியாழன்

கிளினிக்கில் வாணிக்குக் கேக் வெட்டினார்களாம். அப்படியானால் அவள் அந்த வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. பஸ்ஸிலாவது போய்ச் சேர்ந்துவிடுவேன், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். காரில்லாமல் அங்கே எப்படி என்று நான் குறுக்கே சொன்னேன். போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஒன்பது வருடம் இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். தனியாகச் சாப்பிட்ட நாட்கள் உண்டு, அவள் மாநாடு கீநாடு என்று போயிருக்கும்போது. டிவி முன்னால் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவேன், தட்டைக் கழுவ மாட்டேன். இரண்டு நாளில் வந்துவிடுவாள். வாரா வாரம் ஐந்து நாள் அப்படி என்றால் அதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. அவள் சந்தோஷமாக இருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் நான் எங்கேயும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வண்டியை இன்று எடுக்கவில்லை.

ஜூன் 1, சனி

காலையில் நான் ஆபீஸ் போகும்போது, இன்னைக்கு பஸ்ஸில் போங்க, வண்டி எனக்கு வேணும் என்றாள். மாலை வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மாநகராட்சித் தண்ணீர் விடும் நாள். குடத்தை வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தேன். ஒரு கார் வந்து மெதுவாக நின்றது. யாரோ வழி கேட்க நிறுத்துகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்தேன். என் வண்டி. சத்தம் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வாணி இறங்கினாள். சுடிதார் கையில் கிரீஸ். பின் சீட்டில், பேப்பர் சுற்றி, என் பெரிய குழாயும் கூம்பு ஃபில்டரும்.

"பரண்ல எலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

குடம் நிரம்பி வழிந்தது. அவள்தான் குழாயை மூடினாள்.

பிறகு அவள் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டது. ஸ்கேனர் அவளிடம்தான் இருந்திருக்கிறது. ஒரு நாள் காலை பால் வாங்கப் போனவள், நான் வண்டிக்குள் குனிந்து அதைச் சொருகுவதைப் பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு நேரே ராபினிடம் போயிருக்கிறாள். "அண்ணன் எத்தன வாட்டி அழிச்சாருங்க்கா?" என்று கேட்டானாம். பெட்டியை மட்டும் பழசு போட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஆனால் அண்ணன்தான் இரும்புக்கடையில் போட்டுவிட்டாரே என்றும் சொன்னானாம். அவர் அந்த வண்டியில கழட்டின ஒரு ஸ்குரூவக்கூட வெளிய போட மாட்டாரு என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்திருக்கிறாள். பழைய பெட்சீட்டில் சுற்றி, நான் வைத்தபடியே இருந்ததாம்; இன்று அதை ராபினிடம் கொண்டுபோய் மாட்டிவிட்டாள்.

இவ்வளவையும் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

"நாளைக்கு நூறு கிலோமீட்டராவது ஓட்டோணுமாங்க. யாரு ஓட்டப் போறாங்களோ அவங்க காலுக்குத்தான் அது கத்துக்கோணுமாம். ஆழியார் வரைக்கும் போலாம்னு இருக்கேன். வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். பொள்ளாச்சி வரை ஒரே சீராகப் போனாள். கியர் மாற்றும்போது வாய்க்குள் எண்ணிக்கொள்கிறாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். வண்டி ஒரு தடவைகூட உதைக்கவில்லை. ஜன்னல் வழியே வயல் காற்று வந்தது, தென்னந்தோப்பு வந்தது. என்ஜின் ஓடுகிறதா என்று இரண்டு தடவை டேஷ்போர்டு முள்ளைப் பார்த்தேன்.

ஆழியார் சோதனைச் சாவடிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள். உப்பு மிளகாய் போட்ட மாங்காய்ப் பத்தை வாங்கிக்கொண்டு பானட்டில் சாய்ந்து நின்றோம். அங்கிருந்து பார்த்தால் மலை சுவராக நிற்கிறது. முதல் வளைவில் ஒரு பஸ் திரும்புவது தெரிந்தது, சின்னதாக.

"தப்புதான் வாணி" என்றேன்.

"எதுங்க?"

"பெட்டிய ஒளிச்சு வெச்சது."

மாங்காயைக் கடித்தாள், மென்றாள். "பெட்டிய வெச்சதுகூடப் பரவால்லீங்க. உங்களுக்கு அந்தச் சத்தம் புடிக்கும், எனக்குத் தெரியும். ஆனா என் காலு சரியில்லைன்னு சொன்னீங்க பாருங்க. நான் நம்பிட்டேன். ராத்திரில படுத்துட்டு கால அமுக்கி அமுக்கிப் பாத்தேன். கட்டில் கால கிளட்ச்சுன்னு வெச்சுட்டு. முழுசா ஒரு வாரம். அதத்தான் என்னால செரிக்க முடியலீங்க."

ஏதோ சொல்ல வேண்டும் என்பதற்காக, உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தை எனக்கே அசிங்கமாக இருந்தது, பாதியில் விட்டுவிட்டேன்.

ஒரு லாரி போய் முடியும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள், "ஒருக்கா போகாதேன்னு சொல்லியிருக்கலாமுங்க. சொன்னாலும் நான் போயிருப்பேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம். ஆடர் வந்த அன்னைக்கு நீங்க செரின்னு மட்டும் சொல்லிட்டு டிவி பாக்கப் போனீங்க. இந்த மனுசனுக்கு நான் இருந்தா என்ன, போனா என்னன்னு நெனச்சேன்."

நான் அவளைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவள் என்னைப் பற்றி அப்படி நினைத்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டு.

"போகாத, வாணி" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். "எனக்குத் தனியா இருக்க முடியாது. நீ போறது எனக்குப் புடிக்கல."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானை இல்லாததால் புறங்கையால் துடைத்தாள், மிளகாய்ப் பொடி பட்டு இன்னும் கொஞ்சம் வந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செரிங்க, கேட்டுட்டேன்" என்றாள். "காலைல ஆறு மணிக்குக் கெளம்போணும். போற வழில டயருக்குக் காத்துப் புடிச்சுரலாம்."

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். கிணத்துக்கடவு பக்கம் நான் தூங்கிப்போனேன். அவள் ஓட்டி நான் தூங்கியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 3, திங்கள்

ஆறு மணிக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன், பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை தனியாக ஏற வேண்டும் என்றாள். நீலப் பெட்டியைப் பின்னால் வைத்துக் கொடுத்தேன். தெருமுனையில், காலை நேரத்தில் ஒரு நாய்கூட இல்லாத இடத்தில், இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினாள்.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவினேன். துணி காயப்போட்டேன். போனைப் பார்க்கக் கூடாது என்று கவிழ்த்து வைத்தேன், நிமிர்த்தி வைத்தேன்.

பதினோரு மணி சுமாருக்கு அழைத்தாள்.

"வந்து ஜாயின் பண்ணிட்டேனுங்க. எங்கயும் நிக்கல. ஒரு வளைவுல பஸ்ஸே எனக்கு வழி விட்டுச்சு."

வண்டி எப்படி இழுத்தது, எந்த கியரில் ஏறினாய் என்றெல்லாம் கேட்க நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "உனக்கு எப்படி இருக்குது?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"பயமா இருக்குதுங்க" என்றாள். "ஆடர் வந்த அன்னைல இருந்தே பயமாத்தான் இருக்குது."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பூட்ஸ், டார்ச் என்று அவள் மூலையில் சேர்த்து வைத்ததையெல்லாம் நான் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். எதற்குப் பயம், வேலைக்கா, தனியாக இருப்பதற்கா. குவார்ட்டர்ஸ் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா. பக்கத்தில் யார் இருக்கிறார்கள். அங்கே பெரிய மாடு ஏதாவது முட்டினால் கூட ஆள் உண்டா. அவள் ஒவ்வொன்றுக்கும் மெதுவாகப் பதில் சொன்னாள், சிலவற்றுக்குத் தெரியாது என்றாள். வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம், நான் பஸ் ஏறி வருகிறேன் என்றேன். வாங்க என்றாள். அப்போதும் நான் போனை வைக்கவில்லை, கேட்பதற்கு இன்னும் நிறைய இருந்தது.